ராத்தா மாட்டிய வளையங்கள்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒருத்தி சொன்னாள்: "அந்த ஏறாவூர் வயரிங்காரி இப்ப இந்தப் பக்கம் வாறல்லையாம். நல்லதாப் போச்சு. எத்தின குடும்பத்தைப் பிரிச்சுப்போட்டுத் திரிஞ்சவ."

சுற்றியிருந்த நாலைந்து பேர் தலையாட்டினார்கள். சொன்னவள் அந்த மனுசியை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. தலையாட்டியவர்களில் இரண்டு பேருடைய வீட்டில் அந்த மனுசி வேலை செய்திருக்கிறார். அவர் மாட்டிய சுவிச்சைப் போட்டுத்தான் அவர்கள் அன்று காலை வெளிச்சத்தில் சேலை உடுத்திக்கொண்டு வந்திருப்பார்கள். இருந்தும் தலையை ஆட்டினார்கள். தட்டத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆனால் இது ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விசயம் அல்ல. அதனால் எழுதுகிறேன்.

நான் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். முஸ்லிம் ஆட்கள் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டால் சொல்லமாட்டார். "வேலைக்கு வந்த ஆளுக்குப் பேர் என்னத்துக்கு" என்பார். அவர் விரும்பாததை நானும் செய்யப்போவதில்லை. ஐம்பதுக்குக் கிட்ட வயது. கறுப்பு அபாயாவுக்கு மேலே ஆண்கள் போடுகிற காக்கிச் சட்டை ஒன்று போட்டிருப்பார். அந்தச் சட்டையின் பைகளில் இடுக்கி, டெஸ்டர், கறுப்பு டேப், ஒரு பொட்டலம் இஞ்சி மிட்டாய். ஏறாவூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். வாசலில், போட்டுவந்த செருப்பைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்து கழுவித் துடைத்த இன்னொரு சோடி ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். எங்கள் வீடுகளில் செருப்போடு உள்ளே வருவதைச் சிலர் விரும்பமாட்டார்கள். "சாமியறைக்குள்ள வரமாட்டன். ஆனா வெறுங்காலோட கரண்டுல கை வைக்கவும் மாட்டன்" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

மட்டக்களப்பைச் சுற்றி ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற வீடு எத்தனை என்று எண்ண முடியாது. கத்தார், டுபாய், சுவிஸ் என்று போய்விட்டார்கள். அந்த வீடுகளில் மோட்டர் பழுதானாலும் லைட் எரியாவிட்டாலும் ஒரு ஆண்பிள்ளையை உள்ளே கூப்பிட்டால் அயலில் நாலு கண் பார்க்கும். அதனால் ராத்தாவைக் கூப்பிட்டார்கள். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று இல்லை, எல்லாரும் கூப்பிட்டார்கள். வெளிநாட்டில் இருந்த ஆண்களும் நம்பிக் கூப்பிட்டார்கள். பொம்பிளைதானே, பயமில்லை என்று.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் போர்டைத் திறக்கமுதல் கேட்பார்: "இந்த வீட்டுல சுவிச்சைப் போடுறது ஆரு?"

முதல் தடவை கேட்பவர்களுக்கு விளங்காது. வீட்டுக்காரர் முன்னுக்கு வந்து, "என்னத்தையும் என்னட்டச் சொல்லுங்க" என்பார். "காலம்பற கேத்திலைப் போடுறது நீங்களா? மோட்டரை நிப்பாட்டுறது நீங்களா?" என்று ராத்தா கேட்பார். இல்லை என்றால், "அப்ப அவவைக் கூப்பிடுங்க." குசினியில் நிற்கிறவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்து, எந்த வயர் எங்கே போகிறது, எந்தச் சுவிச்சு தானாக விழுந்தால் எதை நிமிர்த்த வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று அவளுக்குத்தான் சொல்லிக் கொடுப்பார். கூலி கொடுக்கிறவர் கதிரையில் சும்மா இருக்க வேண்டியதுதான்.

நல்ல குணம் என்று நான் சொல்லவரவில்லை. வாய் கெட்ட மனுசி. ஈரத் தலையோடு போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றதற்கு முதல் நாளே எனக்கு ஏச்சு விழுந்தது. வேலை முடியமுதல் தேத்தண்ணி ஊற்றினால் ஆறிக் கிடக்கும், தொடமாட்டார். பிழை விட்டவனைப் பற்றி அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். டவுனில் ஒரு வங்கி உத்தியோகத்தர் வீட்டில் வேறொருவன் மின்சாரம் அளக்கிற பெட்டி பூட்டிவிட்டுப் போயிருந்தான். மூன்று மாதமாக அது சைபர் காட்டிக்கொண்டிருந்தது. ராத்தா போய்ப் பார்த்தால், போகிற வயரையும் திரும்பிவருகிற வயரையும் ஒரே வளையத்துக்குள் சேர்த்துப் பிடித்திருக்கிறான். "போறதும் வாறதும் ஒண்டையொண்டு அழிச்சிரும். மறுகா என்னத்தை அளக்கிற" என்று சொல்லிவிட்டு, அந்த உத்தியோகத்தரைப் பார்த்து, "மூணு மாசம் கரண்டே பாவிக்கல்ல எண்டு காட்டினதை நம்பிக்கொண்டா இரிந்தீங்க" என்று கேட்டாராம். அந்த வீட்டில் அவரை மறுபடி கூப்பிடவில்லை.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு பெட்டி பூட்டத்தான் அவர் முதலில் வந்தார்.

என் ஊர் களுவாஞ்சிக்குடி. கல்யாணம் கட்டியபின் கல்லடியில், வாவிக் கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு கட்டினோம். என் கணவர் கத்தாரில் வேலை. நானும் மகளும் இங்கே. நான் வீட்டில் தையல் மெசினை வைத்துச் சட்டை, பாடசாலைச் சீருடை தைக்கிறேன். கரண்ட் பில் கூடுகிறது, எதில் போகிறது என்று பார்க்கவேண்டும் என்று சொல்லி, லீவில் வந்த சிநேகிதனிடம் அவர் ஒரு பெட்டி கொடுத்துவிட்டார். உள்ளே ஒரு சின்ன வெள்ளைக் கருவியும் வாலுள்ள ஆறு கறுப்பு வளையங்களும் இருந்தன. பெட்டியில் கரண்ட் டிரான்ஸ்ஃபோமர் என்று எழுதியிருந்தது. ராத்தா வளையம் என்றுதான் சொன்னார்.

அந்த வளையம் வாய் திறந்து மூடும். வயரை வெட்டத் தேவையில்லை. வயரைச் சுற்றி மாட்டி மூடினால், உள்ளே ஓடுகிற கரண்டை அது வெளியில் இருந்தே கண்டுபிடித்து வெள்ளைக் கருவிக்குச் சொல்லும். கருவி வைஃபை வழியாக எந்த நாட்டில் இருக்கிற போனுக்கும் சொல்லும். ராத்தா மெயினை நிப்பாட்டிவிட்டு, மூடியைக் கழற்றி, டெஸ்டரால் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். "மெயினை நிப்பாட்டினாலும் மீற்றர்ல இரிந்து வாற வயர்ல கரண்ட் நிக்கும். சீல் வைச்ச பக்கம் நமக்கு வேலையில்ல. விளங்கினா?" என்று எனக்குச் சொன்னார். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு அம்புக்குறி இருந்தது. அம்பு வீட்டுப் பக்கம் பார்க்க மாட்டினார். மெயினுக்கு ஒன்று, மோட்டருக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று, முன் அறைக்கு, பின் அறைக்கு, தையல் மெசினுக்கு.

வேலை முடிந்ததும் வீடியோ கோலில் நின்ற என் கணவர் தன் போனில் எல்லாவற்றையும் பதிந்துகொண்டார். ராத்தா கேட்டார்: "இவட போன்லயும் போடுவமா தம்பி?"

"தேவையில்லக்கா. அவவுக்கு இதெல்லாம் விளங்காது."

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ராத்தாவும் அன்று ஒன்றும் சொல்லாமல் மூடியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

முதல் இரண்டு கிழமை நன்றாகத்தான் இருந்தது. மோட்டர் அடிக்கடி தானாக ஓடுகிறது, எங்கேயோ தண்ணி ஒழுகுகிறது என்று அங்கிருந்தே கண்டுபிடித்துச் சொன்னார். பார்த்தால் டாங்கிப் பைப்பில் வெடிப்பு. நான் சந்தோசப்பட்டேன். அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

"நேத்து ரெண்டரைக்கு கேத்தில் அவ்வளவு நேரம் ஓடியிருக்கு. ஒராளுக்குத் தேத்தண்ணி ஊத்த அவ்வளவு தண்ணியா? ஆரு வந்த?"

சீருடைக்கு அளவு கொடுக்க மூன்று பிள்ளைகளோடு ஒரு தாய் வந்திருந்தாள். சொன்னேன். நம்பினார். அடுத்த நாள் வேறொன்று. நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் தையல் மெசின் ஓடவில்லையாம், எங்கே போனாய். குசினி லைட்டை ஏன் பத்து மணிக்குப் பிறகு போட்டாய். ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. பதில் இருக்கிறதே என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கவே கூடாத கேள்விக்கும் பதில் சொல்லிச் சொல்லி அது ஒரு கடமை மாதிரி ஆகிவிட்டது.

மகளுக்குக் காய்ச்சல் வந்தது. முன் அறையில் காற்றோட்டம் இருக்கும் என்று அங்கே படுக்கவைத்து, இரண்டு நாள் ஃபேனை நிப்பாட்டவில்லை. அவர் எடுத்தார்.

"முன் அறையில ஆரு இரிக்கிற?"

பிள்ளைக்கு எப்படி என்று கேட்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவருக்குத் தெரியாது. அவருடைய போனில் கரண்டுக்கு ஏறி இறங்குகிற கோட்டில் அது எழுதியிருக்கவில்லை. ஃபேன் ஓடுகிறது என்று மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கேத்திலை அலுமாரிக்குள் வைத்துவிட்டு அடுப்பில் தண்ணி கொதிக்கவைத்தேன். மோட்டர் போடாமல் கிணற்றில் அள்ளினேன். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அயன் போட்டேன். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் இருந்து தைத்தேன். வேர்வை துணியில் விழாமல் கழுத்தில் துவாய் போட்டுக்கொண்டேன். ஒருவரும் என்னை அப்படி இருக்கச் சொல்லவில்லை. கோடு நேராக இருந்தால் கேள்வி வராது, அவ்வளவுதான்.

கோடு நேராகிவிட்டது. பெட்டி பழுதாகிவிட்டது என்று அவர் நினைத்தார். ராத்தாவுக்குப் போன் எடுத்து, "வளையம் எந்த நாளும் ஒரே கோட்டைத்தான் காட்டுதக்கா, ஒருக்காப் போய்ப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்.

ராத்தா மத்தியானம் வந்தார். போர்டைத் திறந்து ஆறு வளையத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாய் சரியாக மூடியிருக்கிறதா, வால் வயர் கழன்றிருக்கிறதா என்று பார்த்தார். தன் பையில் இருந்த, கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீற்றரையும் மாட்டிப் பார்த்தார். மூடியைப் பூட்டினார். பூட்டிவிட்டு என்னைப் பார்த்தார். கழுத்தில் துவாய். மெசினுக்கு மேலே ஓடாமல் நிற்கிற ஃபேன். கிணற்றடியில் நனைந்த வாளி.

"சாமான்ல பிழையில்ல" என்றார். "நீ ஏன் புள்ள ஃபேன் போடல்ல?"

நான் ஏதோ சொன்னேன். கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்றோ என்னவோ.

"சொல்லு."

சொன்னேன். கேத்தில், கோயில், குசினி லைட், காய்ச்சல், எல்லாம். ராத்தா ஸ்டூலில் இருந்து கேட்டார். காக்கிச் சட்டைப் பையில் கை போட்டு மிட்டாயை எடுத்தார், பிரிக்காமல் திருப்பி வைத்தார். அந்த நேரம் அவருடைய போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டார். என் கணவர்.

"என்னக்கா பிழை?"

"ஒரு பிழையும் இல்ல தம்பி. வளையம் ஆறும் சரியா வேலை செய்யிது."

"அப்ப ஏன் எந்த நாளும் ஒரே மாதிரிக் காட்டுது? வீட்டுல என்ன நடக்குது?"

"கரண்டைப் பத்திக் கேளுங்க, சொல்றன். ஆளைப் பத்தி என்னட்டக் கேக்காதீங்க. அவ முன்னுக்குத்தான் நிக்கிறா. போனைக் குடுக்கிறன், அவவிட்டக் கேளுங்க."

அவர் என்னோடு கதைக்கவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ராத்தா போனைப் பைக்குள் வைத்தார். பிறகு ஒரு விசயம் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் தன்னைப் பற்றி அவர் எதுவும் எனக்குச் சொன்னதில்லை. கல்யாணம் கட்டின புதிதில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டுக் குசினியில் கமரா. எஜமானி தன் அறையில் இருந்து பார்ப்பாளாம்.

"ரெண்டு வருசம் புள்ள. வேர்வை துடைக்கிறதுக்கும் கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டன். அங்க பூட்டினவன் ஆரு எண்டு எனக்குத் தெரியா. இஞ்ச பூட்டினது நான்."

அதைச் சொன்னபோது அவருடைய முகம் சிவந்து போயிருந்தது. அழுகை இல்லை, கோபம். என்மேல் கொஞ்சம், என் கணவர்மேல் கொஞ்சம், தன்மேல்தான் நிறைய. "அண்டைக்கு நீ சிரிச்ச. நான் விட்டுட்டுப் போனன்" என்றார்.

இந்த இடத்தைத்தான் குடும்பம் பிரித்தவள் என்று சொல்கிறவர்கள் கவனமாகக் கேட்கவேண்டும். அவர் என்னை ஏவிவிடவில்லை. கணவரைப் பற்றி ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. மூன்று வழி இருக்கிறது என்றார். "கழட்டச் சொன்னாக் கழட்டித் தாறன். இப்பிடியே இரிக்கட்டும் எண்டாலும் சரி. இல்லாட்டி இதை உன்ட போனுக்கு மாத்தலாம். நீ பாரு. காட்டுறதும் காட்டாததும் உன்ட விருப்பம். யோசிச்சுச் சொல்லு. நான் மறுகா வந்தாலும் வாறன்."

மாற்றுவோம் என்றேன்.

தையல் ஊசி ஒன்று கேட்டார். வெள்ளைக் கருவியின் பக்கத்தில் ஒரு சின்னத் துவாரம். அதற்குள் ஊசியை விட்டு, பச்சை லைட் சிவப்பாக மாறும்வரை அமத்திப் பிடிக்கவேண்டும். அப்போது கணவரின் போனோடு இருந்த பதிவு அழிந்துவிடும். ஊசியை என்னிடமே தந்தார். "நான் அமத்தினா நான் செய்ததாப் போகும். நீ அமத்து." அமத்தினேன். என் போனில் பதிந்தேன். அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. எனக்கு விளங்காது என்று சொன்ன சாமான் அது. பிறகு ராத்தா எழும்பிப் போய் ஃபேனைப் போட்டார். போனில் ஒரு சின்னக் கோடு மேலே எழும்பியது. அதைக் காட்டி, "இவ்வளவுதான் புள்ள உன்ட காத்து. ஒரு பழைய குண்டு பல்ப் அளவு. இதுக்கா இந்த வெக்கையில இரிந்த" என்றார்.

கணவருக்கு நானே எடுத்துச் சொன்னேன். பில்லைக் குறைக்கவேண்டும் என்றால் மாதம் முடிய எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்புகிறேன், நாளாந்தம் பார்க்கவேண்டாம் என்றேன். நீ எதையோ மறைக்கிறாய் என்றார். மூன்று கிழமை போன் எடுக்கவில்லை.

அந்த மூன்று கிழமையில் ராத்தா என்ன செய்தார் என்று பிறகுதான் அறிந்தேன். தான் அப்படிப் பெட்டி பூட்டிய வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போயிருக்கிறார். கூலி கேட்கவில்லை. "இந்தப் பெட்டி என்ன செய்யும் எண்டு உனக்குத் தெரியுமா? ஆரு பாக்கிற எண்டு தெரியுமா?" என்று வீட்டில் இருக்கிறவளிடம் கேட்டிருக்கிறார். தெரியாது என்றவளுக்குக் காட்டியிருக்கிறார். சிலர் மாற்றினார்கள். சிலர் கழற்றினார்கள். காத்தான்குடியில் ஒரு பெண், "என்ட மாப்பிள்ள பார்த்தாப் பார்க்கட்டும் ராத்தா. அவர் பாக்கிறார் எண்டா எனக்கும் பக்கத்தில ஆள் இரிக்கிற மாதிரி" என்று சொல்லியிருக்கிறாள். "சரி, தெரிஞ்சுதானே வைச்சிரிக்கிற. அது போதும்" என்று ராத்தா வந்துவிட்டார். அந்தப் பெண்ணே எனக்குச் சொன்னாள். குடும்பம் பிரிக்கத் திரிந்தவர் செய்கிற வேலையா இது?

இனி நான் சொல்லவேண்டியது என் பங்கு.

இரண்டாவது மெசினுக்கு ஒரு பிளக் பொயின்ற் போட ராத்தா வந்திருந்த நாள், கணவரின் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தம்பி அவரிடம் முறையிட்டிருக்கிறார். வந்தவர் என்னோடு கதைக்கவில்லை. நேரே ராத்தாவிடம் போனார். தன்னைவிடப் பத்து வயது மூத்த மனுசியை, எடுத்த எடுப்பில் நீ என்றார்.

"நீ வயர் போட வந்தியா, குடும்பத்தைப் பிரிக்க வந்தியா?"

ராத்தா பல்லில் கடித்திருந்த ஆணியைக் கையில் எடுத்தார். "பிளக் போட வந்தன்."

"என்ட தம்பி வாங்கி அனுப்பின சாமான். அவனுக்குத் தெரியாம வேற போனுக்குத் திருப்ப உனக்கு ஆரு அதிகாரம் தந்த?"

"திருப்பினது நான் இல்ல. இந்த வீட்டுல இரிக்கிறவ. நிக்கிறா, கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அயல் வீட்டுக்காரி உடுப்புக் காயப்போடுகிற மாதிரி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓம், நான்தான் என்று சொல்ல எனக்கு இரண்டு சொல் போதும். நான் சொன்னது வேறு.

"எனக்கு இதெல்லாம் விளங்காது அத்தான்."

ராத்தா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

"சரி தம்பி, நான்தான் செஞ்சன் எண்டு வைச்சுக்கொள்ளுங்க. இப்ப ஒண்டு சொல்றன். உங்கட வீட்டுலயும் ஒரு பெட்டி பூட்டித் தாறன், கூலி வேணாம். போனை உங்கட பொஞ்சாதிட கையில குடுப்பம். நீங்க எத்தினை மணிக்கு எழும்பின, எந்த அறையில லைட்டுப் போட்ட, அவ இல்லாத நேரம் கேத்தில் ஏன் ஓடின எண்டு அவ பாத்துக்கொண்டு இரிக்கட்டும். பாத்துப்போட்டு உங்களிட்டக் கேக்கட்டும். சம்மதமா?"

அத்தான் வேலிப் பக்கம் பார்த்தார். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ராத்தா பிளக்கைப் பூட்டி முடித்தார். மெசினை ஓட்டிப் பார்த்தார். நான் ஊற்றிவைத்த தேத்தண்ணியைத் தொடாமல் செருப்பை மாற்றிக்கொண்டு போனார். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்ணன் போன இடமெல்லாம் சொன்னார். கத்தாரில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது. அவவைக் கூப்பிடாதே, வீட்டுக்குள் பிரச்சினை வைத்துவிட்டுப் போவா. ஒரு வருசத்துக்குள் ராத்தாவின் போன் அடிப்பது குறைந்து, கல்லடிப் பக்கம் அவருடைய ஸ்கூட்டியே வராமல் போயிற்று. போர்டு எரிந்து புகை வந்தாலும் எட்டு மணித்தியாலம் இருட்டில் இருந்து வேறு ஆளைத் தேடினார்களே தவிர அவரைக் கூப்பிடவில்லை. அவர் யாருடைய வீட்டில் எதைத் திருடினார்? எந்த வயரைத் தப்பாகப் பூட்டினார்? வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு வீட்டில் என்ன பூட்டியிருக்கிறது என்று சொன்னார். அது குற்றமாகிவிட்டது. அந்தப் பொய்க்கு முதல் சாட்சி நான்.

என் கணவர் அடுத்த லீவில் வந்தார். பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். நான் என் போனைக் கொடுத்து, இது ஃபேன், இது மெசின் என்று காட்டினேன். "அங்க எட்டுப் பேர் ஒரு அறையில. வேலை முடிஞ்சு வந்து இதைப் பார்த்தா, வீட்டுல இரிக்கிற மாதிரி இரிந்திச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கும் நெஞ்சு வலித்தது. ஆனால் அந்தக் காய்ச்சல் நாளை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை, அதையும் சொன்னேன். தலை குனிந்து கேட்டார். இப்போது அவர் போன் எடுத்தால் முதலில் மகளைக் கேட்கிறார். நாங்கள் பிரியவில்லை. அதை யாரும் கதைப்பதில்லை.

கணவர் திரும்பிப் போனபின் அத்தான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், பெட்டியைத் திருப்பியது நான்தான், ராத்தா இல்லை என்று. அவர் நம்பவில்லை. "அவ உனக்குச் சொல்லித் தந்திருக்கா" என்றார். நான் செய்ததைக்கூட நான் செய்தேன் என்று ஏற்றுக்கொள்ள அவருக்கு மனம் இல்லை.

அடுத்த நாள் பஸ் ஏறி ஏறாவூர் போனேன். ராத்தா வீட்டு விறாந்தையில் ஒரு மேசை போட்டு, ரைஸ் குக்கர், அயன் பெட்டி, ஃபேன் என்று அயலார் கொண்டுவருவதைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வா" என்றார். கதிரை காட்டினார். கையில் இருந்த வேலையை விடவில்லை.

"நான் அண்டைக்குப் பொய் சொல்லிப்போட்டன் ராத்தா."

"ஓம்."

"பயத்தில சொல்லிப்போட்டன்."

"எனக்குப் பயம் இல்லையா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்தார். "எனக்கும் மகள் இரிக்கா. அவட மாப்பிள்ள இரிக்கான். நாலு பேர் நாலு கதை கதைச்சா எங்கட வீட்டுலயும்தான் கேக்கும். நீ கதைச்சிருக்கோணும் புள்ள."

"ஓம். கதைச்சிருக்கோணும்."

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் சொல்லவில்லை. சொல்லாதது நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு உம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். முந்தானைக்குள் போனை மறைத்து வைத்திருந்தார். டுபாயில் இருக்கிற மகன் ஆளை அனுப்பி ஒரு பெட்டி பூட்டியிருக்கிறான். உம்மா எத்தனை மணிக்கு எழும்புகிறா, மருந்து நேரத்துக்குக் குசினியில் லைட் எரிகிறதா, பகலில் ஏன் டீவி ஓடுகிறது என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறான். "பாசத்திலதான் கேக்கான் புள்ள. ஆனா எனக்கு மூச்சு முட்டுது" என்று ரகசியமாகச் சொன்னார்.

ராத்தா என்னைக் காட்டினார். "இவவைக் கூட்டிக்கொண்டு போங்க. இவவுக்குத் தெரியும். எனக்கு இந்தக் குக்கர் முடியோணும்."

போனேன். போர்டுக்குப் பக்கத்தில் அந்த உம்மாவை நிற்கவைத்து, எந்த வளையம் எந்த வயரில் இருக்கிறது, அது மகனுக்கு எதைச் சொல்கிறது என்று எல்லாவற்றையும் காட்டினேன். ராத்தா எனக்குச் சொன்ன மூன்று வழியையும் சொன்னேன். மாற்றவேண்டாம், இப்போதைக்கு நிப்பாட்டிவிடுவோம் என்றார். கருவிக்குப் போகிற வயரின் சின்னச் சுவிச்சைக் காட்டினேன். அவரே நிப்பாட்டினார்.

இரண்டு நிமிடம் போகவில்லை, போன் அடித்தது. மகன். உம்மா என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

"கரண்ட் போகல்ல மனே" என்றார். "நான்தான் நிப்பாட்டின."